எழுத்தில் நிற்கும் மரங்கள்

ஜப்பானியப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் கற்க வேண்டிய சீன எழுத்துகள் 80. அவற்றில் மூன்று, மரத்தை மட்டுமே வைத்துக் கட்டியவை. நிமிர்ந்த ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இடமும் வலமும் சரிந்து இறங்கும் இரண்டு கோடுகள்: இது மரம், 'கி'. அதையே அருகருகே இரண்டு முறை எழுதினால் 'ஹயாஷி', தோப்பு. மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று முறை எழுதினால் 'மொரி', காடு. அதே பட்டியலில் கிராமத்தைக் குறிக்கும் எழுத்திலும் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் எழுத்திலும் இடப்பக்கம் ஒரு மரம் நிற்கிறது. ஓய்வு என்ற எழுத்தில் ஒரு மனிதன் மரத்தின் மேல் சாய்ந்திருக்கிறான். மரத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு கோடு இழுத்தால் வேர், மூலம் என்று பொருள். 'நிஹோன்' என்ற நாட்டுப் பெயரின் இரண்டாம் எழுத்து அதுதான். புத்தகத்துக்கும் அதே எழுத்து. மரங்களை எண்ணும்போதும் ஜப்பானியர் அந்த வேர் எழுத்தைச் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு என்ற அளவில் நின்றுவிட்டால், அடர்த்திதான் வேறுபாடு என்று தோன்றும். எழுத்து சீனாவிலிருந்து வந்தது. ஹயாஷி, மொரி என்ற சொற்களோ எழுத்து கடல் கடந்து வருமுன்பே அந்தத் தீவுகளில் பேசப்பட்டவை. அவற்றுக்குள் எண்ணிக்கை எதுவும் இல்லை. 'ஹயாசு' என்ற வினையிலிருந்து ஹயாஷி பிறந்ததாக அகராதிகள் சொல்கின்றன. வளர்த்தல், வளரவிடுதல் என்று பொருள். தாடி வளர்ப்பதற்கும் அந்த வினைதான். ஆக ஹயாஷிக்குள் ஒரு மனிதக் கை இருக்கிறது. மொரி வேறு வகை. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' கவிதைத் தொகுப்பில், மொரி என்று படிக்க வேண்டிய சில இடங்களில் தெய்வத்தின் கோயிலைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கின்றன. கோயில் என்று எழுதி, காடு என்று வாசித்திருக்கிறார்கள். 'காமி' எனப்படும் தெய்வம் மரங்கள் அடர்ந்த இடத்தில் இறங்கி நிற்கும் என்பது அங்கே மூத்த நம்பிக்கை. கட்டடம் பிற்பாடு வந்தது. நாரா மாகாணத்தின் ஓமிவா கோயிலுக்கு இன்றும் கருவறை மண்டபம் கிடையாது. பின்னால் நிற்கும் மிவா மலையும் அதன் மரங்களும்தான் சன்னிதி.

சீனத்தில் கிடைக்காத எழுத்துகளை ஜப்பானியர் தாமே செய்துகொண்டார்கள். அப்படிச் செய்தபோது எந்த மரங்களுக்கு முதலில் எழுத்து தேவைப்பட்டது என்று பார்ப்பது நல்லது. மரமும் தெய்வமும் சேர்ந்தால் 'சகாகி': பூசைக்குக் கிளை ஒடித்து வைக்கும் பசுமை மாறாத மரம். மரமும் புத்தரும் சேர்ந்தால் 'ஷிகிமி': பௌத்தர்கள் கல்லறைகளில் வைக்கும் நச்சு மரம். மரமும் கடினமும் சேர்ந்தால் 'காஷி': கோடாலிக் காம்புக்கு ஆகும் ஓக் வகை. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மரமும் மலையும் சேர்ந்த 'சொமா'. வெட்டுமரத்துக்கென்று ஒதுக்கிய மலைக்காடு அது. அங்கே வேலை செய்யும் மரவெட்டிக்கும் அதே பெயர். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை இசே பெருங்கோயிலை முழுவதும் புதிதாக எழுப்புகிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது. அதற்கு ஹினோகி மரம் தரும் மலைக்கு 'மிசொமயாமா' என்று பெயர். கோயிலுக்குரிய சொமா மலை. முதல் மரத்தை வெட்டும் நாளே ஒரு சடங்கு. மனிதன் வெட்டப்போகும் காட்டுக்கென்று தனியாக ஓர் எழுத்து செய்துவைத்த மக்கள், வெட்டக்கூடாத காட்டை அதிலிருந்து பிரித்தே வைத்திருந்தார்கள்.

கடல் தாண்டி வந்த மற்ற எழுத்துகளின் கதை இவ்வளவு ஒழுங்கானதாக இல்லை. எழுத்து கப்பலில் வரும், மரம் வராது. சீன நூல்களில் ஒரு மரப்பெயரைப் படித்த ஜப்பானிய அறிஞர் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வாசல் எதிரில் நின்ற ஏதோ ஒரு மரத்துக்கு அதை வைத்தார். சீனத்தில் 'பாய்' என்ற எழுத்து சைப்ரஸ் மரம், கல்லறைத் தோட்டங்களின் மரம். ஜப்பானில் அதே எழுத்து 'கஷிவா' என்ற ஓக் மரம். அதன் அகன்ற இலையில்தான் மே மாதத்தில் அரிசி மாவுப் பலகாரத்தைச் சுற்றித் தருவார்கள். சீனத்தின் 'ஷான்' ஒரு ஊசியிலை மரம். ஜப்பானில் 'சுகி' என்று அந்த எழுத்தைப் பெற்றது வேறொரு ஊசியிலை மரம். சீனத்தின் 'ஃபெங்' பிசின் தரும் லிக்விட்அம்பர், ஜப்பானில் அது மேப்பிள். மரத்தோடு வசந்தம் சேர்ந்த எழுத்து ஜப்பானில் 'த்சுபாகி', குளிர்காலம் முடியும்போது பூக்கும் கமேலியா. சீனத்தில் அது 'சுன்', இளந்தளிரைக் கீரைபோலச் சமைக்கும் மரம். எட்டாயிரம் ஆண்டு வசந்தமும் எட்டாயிரம் ஆண்டு இலையுதிர்காலமும் கொண்டதாகச் சீனத் தத்துவஞானி சுவாங்ட்சு சொல்லும் பெருமரமும் அந்தச் சுன்தான். நிலவில் நிற்கும் மரம் சீனருக்கு மணம் வீசும் ஆஸ்மாந்தஸ். அதே எழுத்தைப் படித்த ஜப்பானியர் நிலவில் 'கத்சுரா' மரத்தைப் பார்த்தார்கள். ஒரே வானம், ஒரே எழுத்து, இரண்டு மரம்.

இதைத் தவறு என்று பட்டியலிடும் தாவரவியலாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தன் மண்ணில் இல்லாத மரத்தின் பெயரை வெறும் நூல் வழக்காக வைத்திருப்பதைவிட, தன் மண்ணின் மரம் ஒன்றைப் பிடித்து அந்தப் பெயருக்குள் நிறுத்துவது உயிருள்ள செயல். பௌத்தத்தோடு போன மரங்களுக்கும் இதுவே நடந்தது. புத்தர் இரண்டு சால மரங்களுக்கிடையே மறைந்தார். ஜப்பானின் குளிரில் சால மரம் வெட்டவெளியில் பிழைக்காது. அதனால் அங்கே பல கோயில் முற்றங்களில் கோடையில் வெள்ளைப்பூ பூக்கும் 'நத்சுத்சுபாகி' என்ற மரத்தைச் 'சாரா' என்று சொல்லி வளர்க்கிறார்கள். காலையில் விரிந்து மாலையில் உதிரும் பூ அது. போதி மரத்தின் இடத்தில் இதய வடிவ இலையுள்ள லிண்டன் மரம் நிற்கிறது. நம் சந்தனமும் போயிருக்கிறது. வடமொழிச் சந்தனம் சீனத்தில் 'ஜான்தான்' ஆகி ஜப்பானில் 'செந்தான்' ஆனது. இரண்டு இலை விடும்போதே செந்தான் மணக்கும் என்று, பெரியவர்களாக வரப்போகிறவர்களின் இளமையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. விளையும் பயிர் முளையிலே என்று நாம் சொல்வதன் இடத்தில் நிற்பது. பழமொழியின் செந்தான் சந்தனம்தான். ஆனால் இன்றைக்கு ஜப்பானில் செந்தான் மரத்தைக் காட்டு என்றால், நம் மலைவேம்பின் இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்றைக் காட்டுவார்கள். மணத்துக்குப் பேர்போன பெயர் வேம்பின் உறவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சீனத்தில் இதே எழுத்துகளின் வாழ்க்கை வேறு திசையில் போனது. 'மூ' என்று ஒலிக்கும் மர எழுத்து, இன்றைய பேச்சில் பெரும்பாலும் கட்டை, பலகை, மரச்சாமான். நிற்கும் மரத்துக்குச் சொல் 'ஷூ'. பழைய மொழியில் அது ஒரு வினை: நடுதல், நாட்டுதல். மூன்று மரம் கொண்ட 'சென்' தனியாகக் காட்டைக் குறிப்பது அரிது. இரண்டு மர 'லின்'னோடு சேர்ந்து 'சென்லின்' ஆகும்போதுதான் காடு. ஐந்து மரம். மற்றச் சேர்க்கைகளில் சென் பயமுறுத்துகிறது. 'யின்சென்' என்றால் இருண்டு திகிலூட்டும் இடம், 'சென்யான்' என்றால் கெடுபிடியான காவல். ஜப்பானில் கதைகளுக்கும் பூங்காக்களுக்கும் ஆசையாக வைக்கும் எழுத்து, சீனத்தில் முதுகைச் சில்லிட வைக்கிறது. காட்டைப் பற்றிய வேலையெல்லாம் 'லின்'னிடம் வந்தது.

லின் கொண்ட பழைய எழுத்துகளைப் பார்த்தால் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியும். இரண்டு மரத்தின் கீழே நெருப்பு: எரித்தல். ஷாங் கால எலும்பு எழுத்துகளில் வேட்டைக்காகக் காட்டைக் கொளுத்துவதைக் குறிக்க அது வருகிறது. இரண்டு மரத்தின் கீழே மண்: வெளி நிலம், காட்டுப்புறம். உழவுக்கான எழுத்தின் பழைய வடிவத்திலும் மரங்கள் நின்றன, இன்றைய வடிவத்தில் அவை இல்லை. தத்துவஞானி மென்சியஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எருது மலையைப் பற்றிப் பேசுகிறார். அந்த மலையில் ஒரு காலத்தில் அழகான மரங்கள் இருந்தன. பெரிய நகரத்தின் விளிம்பில் இருந்ததால் கோடாலிகள் வந்தன. தளிர்த்ததை ஆடுமாடுகள் மேய்ந்தன. மொட்டையாகிவிட்ட மலையைப் பார்ப்பவர்கள், இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள் என்கிறார். மனித இயல்பைப் பற்றி வாதிடவே அவர் இதைச் சொன்னார். நான் படிக்கும்போதெல்லாம் வாதம் மறந்து மலைதான் நிற்கிறது. உவமை சொன்னால் உடனே புரியும் அளவுக்கு மொட்டை மலைகள் கேட்பவர்களின் கண்முன் இருந்திருக்க வேண்டும். 'ஜோவ் சடங்குகள்' என்ற பழைய நூல் வகுக்கும் அதிகாரிகளின் வரிசையில் மலைகளுக்கு ஒருவர், மலையடிவாரக் காடுகளுக்கு ஒருவர் என்று பதவிகள் இருக்கின்றன. பின்னவரின் பதவிப் பெயர் 'லின்ஹெங்'. எந்தப் பருவத்தில் யார் வெட்டலாம் என்று பார்ப்பது அவர் வேலை.

காடு பின்வாங்கப் பின்வாங்க, லின் என்ற சொல் மனிதர் குவித்தவற்றின்மேல் ஏறியது. பேரரசின் உயர் அறிஞர் அவை 'ஹான்லின்', தூரிகைகளின் காடு. சியான் நகரில் கல்வெட்டுகளைச் சேர்த்துவைத்த இடம் 'பெய்லின்', கல்தூண்களின் காடு. கன்ஃபூசியஸ் வம்சத்தின் இடுகாடு 'கொங்லின்'. அங்கே உண்மையான மரங்களும் நிற்கின்றன. பெரிய தியான மடங்களைச் 'சொங்லின்', அடர்காடு, என்றார்கள். தமிழ் வாசகர் எல்லோரும் அறிந்த லின் ஒன்று உண்டு: ஷாவோலின். ஷாவோஷி மலையடிக் காட்டில், இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவருக்காக வட வெய் அரசன் கி.பி. 495இல் எழுப்பிய மடம். தென்னிந்தியாவிலிருந்து போனவராகச் சீன மரபு சொல்லும் போதிதர்மரின் பெயர் பிற்பாடு அதோடு சேர்ந்தது.

இன்றைக்கு லின் அரசாங்கத்தின் சொல். 1978இல் தொடங்கி 2050 வரை நீளும் வடபகுதிப் பசுஞ்சுவர்த் திட்டத்தில் நடுவது 'ஃபாங்ஹூலின்', காப்புக்காடு. 1998இல் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு மேட்டு நில உழவை நிறுத்தி மரம் வைக்கச் சொன்ன திட்டத்தின் பெயரே, உழுததைத் திருப்பி லின்னாக்கு என்பதுதான். இவற்றில் மெய்யான சாதனைகள் இருக்கின்றன. ஹெபெய் மாகாணத்தின் சாய்ஹான்பா ஒருகாலத்தில் சிங் பேரரசர்களின் வேட்டைக்காடு. பின்னர் வெட்டி எரித்து மணல் வீசும் மேடாகிப்போனது. 1962இல் அங்கே அரசு வனப்பண்ணை தொடங்கியது. முதல் நாற்றுகள் பெரும்பாலும் கருகின. விடாமல் லார்ச் மரத்தை நட்டு நட்டு அந்த மேட்டைக் காடாக்கினார்கள். அந்த உழைப்பின் முன் தலை வணங்காமல் இருக்க முடியாது. ஆனால் யுன்னானின் தெற்கு முனையான சிஷுவாங்பன்னாவில், மழைக்காடு இருந்த சரிவுகளில் இன்று வரிசை வரிசையாக நிற்கும் ரப்பரும் 'லின்'தான், ரப்பர் லின். அங்கே வாழும் 'தாய்' இன மக்கள் தெய்வம் குடியிருக்கும் குன்றின் காட்டை வெட்ட மாட்டார்கள். விறகுக்கு என்று ஊருக்கு அருகே தனியாக மஞ்சள்கொன்றை வைத்து, கிளையை மட்டும் வெட்டிவெட்டித் துளிர்க்கவிட்டு வந்தார்கள். தெய்வத்தின் குன்றும், விறகுக் கொன்றையும், ரப்பரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டால், ஒன்றை அழித்து மற்றொன்றை வைப்பது கணக்கில் இழப்பாகத் தெரியாது. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். காட்டுக்கு என்ன பெயர் சொல்கிறோமோ அதற்கேற்ற கதியை அதற்குத் தருகிறோம்.

ஜப்பானில் இது பட்டவர்த்தனமாக நடந்தது. 1906இல் மெய்ஜி அரசு, சிறு கோயில்களை மூடி ஊருக்கு ஒன்றாக இணைக்க ஆணையிட்டது. நாட்டில் அப்போது சுமார் 2 லட்சம் கோயில்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 காணாமல் போயின. மியே, வகயாமா மாகாணங்களில் அடி பலமாக விழுந்தது. அதிகாரிகளுக்குக் கோயில் என்றால் கட்டடம், பூசாரி, வருமானம். இரண்டு கட்டடத்தை ஒன்றாக்கினால் செலவு மிச்சம். இணைத்த பிறகு மீந்த மரங்களை வெட்டி விற்கலாம். பல நூற்றாண்டு வயதுள்ள கற்பூர மரங்கள் மர வியாபாரிகளின் கைக்குப் போயின. ஊர்மக்களுக்கோ மொரிதான் கோயில். கட்டடத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம், மொரியைக் கொண்டுபோக முடியுமா?

மினகதா குமகுசு அப்போது வகயாமாவின் தனாபே ஊரில் இருந்தார். 1867இல் பிறந்தவர். அமெரிக்காவிலும் லண்டனிலும் வாழ்ந்து, 'நேச்சர்' இதழில் எழுதி, 1900இல் திரும்பி வந்தவர். கோயில்காடுகளின் ஈரத்தில் மக்கிய கட்டைகளின்மேல் படரும் மிக்ஸோமைசீட்ஸ் என்ற கூழுயிர்களைத் தேடிச் சேர்ப்பது அவர் வேலை. காடுகள் கண்முன்னே விழத் தொடங்கியதும் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். 1910இல் இணைப்பை ஆதரித்த அதிகாரி இருந்த கூட்டம் ஒன்றுக்குள் புகுந்து கலவரம் செய்து 18 நாள் சிறையில் கிடந்தார். மறு ஆண்டு தாவரவியல் பேராசிரியர் மத்சுமுரா ஜின்ஸோவுக்கு அவர் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களை நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ அச்சிட்டுப் பலருக்கு அனுப்பினார். அன்று ஜப்பானில் பரவலாகப் புழங்காத 'எகொலொகி' என்ற சொல்லை மினகதா அப்போது பயன்படுத்துகிறார். ஒரு பாசி, ஒரு பூஞ்சை, நிழல், அதற்கு அப்பால் கடலோர மீன், அந்த மீனை நம்பிய மனிதர், அவர்கள் ஒன்றுகூடும் திருவிழா எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்து நிற்பதாக அவர் கண்டார். மரத்தை வெட்டினால் மீன்வளம் குன்றும் என்று அவர் வாதிட்டது வெறும் ஆவேசம் இல்லை. கடற்கரை மரநிழலுக்கு மீன் வந்து அண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகவே அந்தக் காடுகளைக் காத்து வந்திருக்கிறார்கள். அதற்கு 'உவோத்சுகிரின்', மீன் அண்டும் காடு, என்று பெயரும் உண்டு. தனாபே விரிகுடாவிலுள்ள காஷிமா என்ற சிறு தீவின் காட்டை மினகதாவால் காப்பாற்ற முடிந்தது. எப்படிக் காப்பாற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மொரி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1897இன் வனச் சட்டத்தில் 'ஹோஅன்ரின்', காப்புக்காடு, என்ற பிரிவு இருந்தது. தெய்வத்தின் காடு சட்டத்தின் காடாகப் பெயர் மாறி உயிர் பிழைத்தது. 1929இல் பேரரசர் ஹிரோஹிதோ அந்தத் தீவுக்கு வந்தார். மினகதா தான் சேர்த்த கூழுயிர் மாதிரிகளை அவருக்குக் காட்டினார்.

பழைய மொரிகள் விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, தலைநகரில் புதிதாக ஒரு மொரியை எழுப்பினார்கள். மறைந்த பேரரசர் மெய்ஜிக்காகத் தோக்கியோவில் அமைத்த கோயிலின் காடு. 1915 முதல் 1920 வரை, நாடு முழுவதிலிருந்தும் வந்த சுமார் 1 லட்சம் மரங்களை நட்டார்கள். பிரதமர் ஒகுமா ஷிகெனொபு, நிக்கோவில் போல வானளாவிய சுகி மரங்கள் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வனவியலாளர் ஹொந்தா செய்ரொகுவும் அவர் குழுவினரும் மறுத்தார்கள். நகரப் புகையையும் வறண்ட மண்ணையும் சுகி தாங்காது, இந்த மண்ணுக்குரிய காஷி, ஷீ, கற்பூரம் போன்ற பசுமை மாறாத அகன்ற இலை மரங்களே தாமாக விதை விழுந்து நிலைக்கும் என்று, இரண்டு ஊர்ச் சுகிகளின் வளர்ச்சியையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். முதலில் பைன் உயரும், பிறகு ஹினோகி முந்தும், கடைசியில் அகன்ற இலை மரங்கள் கூரை கட்டும் என்று நூறு நூற்றைம்பது ஆண்டுக்கு நான்கு கட்டப் படம் வரைந்து வைத்தார்கள். தாங்கள் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே வரைந்த படம் அது. பாதையில் விழும் சருகைப் பெருக்குகிறவர்கள் இன்றும் அதைக் காட்டுக்குள்ளேயே கொட்டுகிறார்கள். நூற்றாண்டை ஒட்டிச் செய்த ஆய்வில் ஏறத்தாழ 3,000 உயிரின வகைகள் அங்கே இருப்பது தெரிந்தது. கையால் நட்டதால் சொல்லின்படி அது ஹயாஷிதான். ஆனால் நட்டவர்களே, நாங்கள் விலகிக்கொண்ட பிறகு இது மொரி ஆகவேண்டும் என்று எண்ணி நட்டார்கள்.

நாட்டின் மற்ற மலைகளுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. மலையோர மக்கள் தங்கள் காட்டை ஹயாஷி என்றோ மொரி என்றோ அதிகம் சொல்வதில்லை. 'யாமா', மலை, என்பார்கள். காட்டு வேலை மலை வேலை, காட்டின் சொந்தக்காரர் மலைக்காரர். மொமொதாரோ கதையின் தாத்தா சுள்ளி பொறுக்கப் போவதும் யாமாவுக்குத்தான். அந்த யாமாவில் வீட்டை அடுத்து இருப்பது 'ஸோகிபயாஷி', பலவகை மரங்களின் தோப்பு. 'ஸோகி' என்பதில் ஓர் அலட்சியம் உண்டு: வீடு கட்ட ஆகாத சில்லறை மரங்கள். கொனாரா, குனுகி என்ற மரங்கள் அதில் முதன்மை. 15, 20 ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். விறகு, கரி, எருவுக்குச் சருகு, ஷீதாக்கே காளான் வளர்க்கக் கட்டை எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. சுவாங்ட்சுவின் கதையில் தச்சர் ஒருவர் ஊர்க்கோயில் மரத்தை எதற்கும் உதவாதது என்று தாண்டிப் போகிறார். உதவாததால்தான் அது நெடிது வாழ்ந்தது. அந்த மரத்தின் எழுத்தை ஜப்பானியர் குனுகிக்கு வைத்தார்கள். தேநீர்ச் சடங்கில், வெட்டுமுகம் பூவிதழ்போலப் பிளந்திருக்கும் இகெதா கரியை விரும்பிக் கேட்பார்கள். அது குனுகியை எரித்து எடுத்த கரி.

இந்தச் சில்லறைத் தோப்பு அழகானது என்று சொல்ல ஒரு எழுத்தாளர் வரவேண்டியிருந்தது. குனிகிதா தொப்போ 1898இல் எழுதிய 'முசாஷினோ', தோக்கியோவின் மேற்கிலிருந்த கொனாரா தோப்புகளில் நடந்து திரிந்த அனுபவம். பைன் மரத்தையே பாடியும் வரைந்தும் வந்த மரபில், இலை உதிர்க்கும் தோப்பின் ஒளியையும் ஒலியையும் முதன்முதலாகக் காட்டியது. ஃபுதாபதெய் ஷிமெய் மொழிபெயர்த்த துர்கனேவின் கதையிலுள்ள ரஷ்யத் தோப்பு தன் கண்ணைத் திறந்ததாக அவரே அதில் சொல்கிறார். ரஷ்யாவின் பூர்ச்ச மரங்களைப் படித்தவர் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொனாராவைப் பார்த்தார்.

ஆனாலும் போருக்குப் பின் அரசு 'ககுதாய் ஸோரின்', காடு வளர்ப்பு விரிவாக்கம், என்று தொடங்கியபோது ஸோகி என்ற சொல் தன் வேலையைச் செய்தது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் கரியை அடுப்பிலிருந்து விரட்டியிருந்தன. சில்லறை மரங்களை அகற்றி, பயனுள்ள சுகியும் ஹினோகியும் நடுவதை யார் எதிர்ப்பார்கள்? சரிவு சரிவாக நட்டார்கள். இன்று ஜப்பானின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 2.5 கோடி ஹெக்டேர். அதில் சுமார் 1 கோடி ஹெக்டேர் நட்ட காடு, அதிலும் 44 லட்சம் ஹெக்டேர் அளவு சுகி. 1964இல் மர இறக்குமதி முழுக்கத் திறந்துவிடப்பட்டது. மலிவான வெளிநாட்டு மரம் வந்தது. உள்ளூர் மரத்தின் பங்கு 2002இல் 20 சதவீதத்துக்கும் கீழே போனது. வெட்ட ஆளில்லை, இடைநீக்கவும் ஆளில்லை. நெருக்கி நின்ற சுகிகளுக்கடியில் வெளிச்சம் நுழையாமல் புல்கூட முளைக்கவில்லை. நிக்கோ பகுதியில் சுகி மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை நோயை மருத்துவர்கள் முதன்முதலாகப் பதிவுசெய்ததும் அதே 1964இல்தான். 2019 கணக்கெடுப்பு ஒன்றின்படி பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு அது இருந்தது. வசந்தம் என்றாலே கண் எரிச்சலும் முகக்கவசமும் என்று ஆகிவிட்டது.

காட்டை விட்டு விலகிய பிறகுதான் சொற்கள் மாறத் தொடங்கின. கியோத்தோ பல்கலைக்கழக வனவியலாளர் ஷிதெய் த்சுனஹிதே 1960களில், மலையூர் என்று பொருள்படும் 'யமசாதோ'வைத் திருப்பிப் போட்டுச் 'சாதோயாமா' என்றார். ஊர்மலை. அந்தச் சொல் முன்பே அங்கங்கே வழங்கியதுதான், அவர் அதற்கு உயிர் கொடுத்தார். ஸோகி என்று ஒதுக்கிய அதே தோப்பு இப்போது ஊரின் உறவாகப் பெயர் பெற்றது. இயக்குநர் மியசாகியின் 'தொதோரோ' படம் 1988இல் வந்த பின், தோக்கியோவும் சைதாமாவும் சந்திக்கும் சயாமா குன்றுகளில் வீட்டுமனையாகவிருந்த தோப்புகளை மக்கள் நன்கொடை சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கினார்கள். முதல் துண்டை 1991இல் வாங்கினார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் 'தொதோரோ நோ மொரி'. கொனாராவும் குனுகியும் நிற்கும் சில்லறைத் தோப்பு மொரி ஆனது. குழந்தைப் படத்தின் பெயர்தானே என்று இதைச் சிறிதாக எண்ண முடியவில்லை. ஹயாஷியை வெட்டி மனை போடுவது எளிது, மொரியின்மேல் கை வைக்க மனம் தயங்குகிறது.

நட்ட சுகிக் காடுகளுக்கு அப்படி ஒரு பெயர் இன்னும் கிடைக்கவில்லை. 2023இல் அரசு, மகரந்தம் கக்கும் சுகிக் காடுகளைப் பத்தாண்டில் 20 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. 2024 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யென் காட்டு வரி வாங்குகிறார்கள். அறிக்கைகளில் எல்லாம் ஐந்து மரம் கொண்ட 'ஷின்ரின்' என்ற அலுவலகச் சொல்தான். ஒகயாமா மாகாணத்தின் மலையில் நிஷிஅவாகுரா என்ற சிறு கிராமம், பெரிய ஊரோடு இணையச் சொன்னபோது மறுத்துத் தனியாக நின்றது. நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் காடு, அதில் பெரும்பகுதி தாத்தாக்கள் நட்ட சுகியும் ஹினோகியும். 2008இல் கிராமம் நூறாண்டுக் காட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஐம்பதாண்டு முன்னே நட்டவர்களின் வேலையைப் பாதியில் விடாமல் இன்னும் ஐம்பதாண்டு பார்த்துக்கொள்வது. திட்டத்தின் பெயரில் எழுத்து அலுவலக ஷின்ரின்தான், பக்கத்தில் சிறியதாக வாசிப்பைப் போட்டிருக்கிறார்கள்: மொரி. கிராமம் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் போய்ப் பத்தாண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, இடைநீக்கி, வெட்டிய மரத்தை விற்றுப் பங்கு தருகிறது. நகரத்துக்குப் போய்விட்ட சொந்தக்காரர்கள் பலர், தங்கள் மலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறியாதவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் அங்கே இப்போதைய மலை வேலையில் பாதி. திட்டத்தின் நூறாண்டு 2058இல் நிறைகிறது.